‘ஸ்டாக் இல்லை’ என்கிற மனசாட்சி

கருக்கலைப்பில் ஈடுபட மனசாட்சி இடம் தராத மருத்துவர் ஒதுங்கிக்கொள்ள பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவில் மதநம்பிக்கையைக் காட்டி, ஊழியர்களின் கருத்தடைக் காப்பீட்டுச் செலவிலிருந்து சில முதலாளிகள் விலகிக்கொள்ளலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. நமது 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் மனசாட்சிக்கென்று தனிப் பிரிவே இல்லை. ஆனால் எழுதப்படாத விலக்கு ஒன்று தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் புழங்குகிறது. அவசர கருத்தடை மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை என்பது மத்திய விதி. கடையில் கேட்டால் பெரும்பாலும் ‘ஸ்டாக் இல்லை’. சாமியைச் சொல்லி யாரும் மறுப்பதில்லை, பண்பாடு என்கிறார்கள். எழுதிய விலக்குக்கு வரம்பு உண்டு, வழக்குப் போடலாம். வாய்மொழி விலக்கை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

நரிக்குடிப் பக்கம் வைத்துக் கணக்குப் போடுவோம். மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முந்தினால் பலன் கூடும். சனிக்கிழமை ராத்திரி ஆணுறை கிழிந்தால் செவ்வாய் ராத்திரியோடு கெடு முடிகிறது. இடையில் ஞாயிறு. திங்களன்று கரிமூட்ட வேலைக் கூலியை விட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டும். அங்கும் கைவிரித்தால் மதுரை. இதைவிடக் கொடுமை வேறொன்று: உள்ளூர்க் கடைக்காரர் பலருக்கும் மாமா, சித்தப்பா முறை. கேட்டவள் வீடு திரும்புமுன் செய்தி தெரு தாண்டிவிடும். கருக்கலைப்பு செய்துகொண்டவர் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று அந்த 1971 சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. மாத்திரை கேட்டவளின் பெயருக்கு அந்தக் காவலும் இல்லை. கடைக்காரரின் மறுப்பை விட அவர் வாய்தான் இந்தப் பெண்களை அதிகம் தடுக்கிறது என்பேன்.

இளசுகள் கெட்டுப்போகும், அடிக்கடி போட்டால் உடம்புக்கு ஆகாது என்பவர்கள் உண்டு. அன்றாடக் கருத்தடைக்கு இது மாற்றல்ல என்பது சரிதான். அதைச் சொல்லிக் கொடுக்கலாமே, ஒளித்து வைப்பானேன்? சிசுவைக் கொல்வதாகச் சொல்வதோ அறியாமை. கருமுட்டை வெளிவருவதை இது தள்ளிப்போடுகிறது. தரித்துவிட்ட கருவை ஒன்றும் செய்யாது. மனசாட்சி உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவே அதைப் பொது சுகாதாரத்துக்கு உட்பட்டதென்றுதான் சொல்கிறது. விற்க மனமில்லாத கடைக்காரர் விற்க வேண்டாம். எங்கே கிடைக்கும் என்று சொல்லட்டும், கேட்டவர் பெயரை வெளியே விடாதிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கேள்வி கேட்காமல் அந்த மாத்திரையைத் தர அரசு உத்தரவிட வேண்டும்.