ஐந்துக்கு ஒரு மூன்று வேண்டும்

இறகுப்பந்தில் ஒற்றையர் ஆடுபவரின் தரவரிசை அவருடைய பெயருக்கே உரியதாக இருக்க, இரட்டையரின் தரவரிசையோ இணைக்கு உரியதாகையால், துணை மாறும்போது இருவரும் புதிய இணையாகப் புள்ளிகளை மறுபடியும் சேர்க்க வேண்டியவர்களாகிறார்கள். பரிசுப் பணத்திலும் இதே நிலைதான்: உலகச் சுற்றுப் போட்டிகளில் ஒற்றையர் வெற்றியாளர் பெறும் தொகைக்கு ஏறத்தாழ ஒப்பான தொகையே ஓர் இணைக்கும் தரப்படுவதால், அதை இருவரும் பகிர்ந்துகொள்கின்றனர். மலேசியத் தமிழரான தீனா முரளிதரன், பேர்லி டான் என்ற ஒரே துணையுடன் ஆண்டுக்கணக்கில் ஆடி, 2022இல் காமன்வெல்த் தங்கத்தையும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும், 2025 உலகப் போட்டியில் வெள்ளியையும் பெற்றதில், இருவருடைய ஆட்டத்திறனுக்கு உள்ள பங்கு அந்த இணை பிரியாமல் நீடித்ததற்கும் உண்டு.

(இங்கே சொல் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. தமிழகத்தில் ‘பூப்பந்து’ என்றால் தஞ்சையில் தோன்றியதாகச் சொல்லப்படும், கம்பளிப் பந்தால் ஆடும் வேறோர் ஆட்டம். ஊர்களில் ‘ஷட்டில்’ என்று அழைக்கப்படுவதே இக்கட்டுரை பேசும் இறகுப்பந்து.)

துணை யார் என்பது இவ்வளவு முக்கியமான ஆட்டத்தில், துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் ஒரு கூட்டல் கணக்கு கட்டுப்படுத்துமானால், ஓர் ஆட்டக்காரரின் தொழில்வாழ்க்கை என்ன வடிவம் பெறும் என்பதை, திருவள்ளூரில் 2005ஆம் ஆண்டு பிறந்த மணீஷா ராமதாஸின் பயணத்தில் தெளிவாகக் காணலாம். பிரசவத்தின்போது கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக்கற்றை இழுபட்டுச் சேதமடைவதால் கை வலுவிழக்கும் நிலை, மருத்துவத்தில் எர்ப் வாதம் எனப்படுகிறது. மணீஷாவின் வலக்கை அவ்வாறு பாதிக்கப்பட்டது. இடக்கையில் மட்டையைப் பிடித்து ஆடிய அவர், 2022 நவம்பரில் டோக்கியோவில் நடந்த மாற்றுத்திறனாளர் உலக இறகுப்பந்துப் போட்டியின் ஒற்றையர் இறுதியில் ஜப்பானின் மாமிகோ டொயோடாவை வென்று, பதினேழு வயதிலேயே உலகச் சாம்பியனானார்.

மாற்றுத்திறனாளர் இறகுப்பந்தில் ஆட்டக்காரர்கள் உடல்நிலையைப் பொறுத்து ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். முதல் இரண்டும் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுபவர்களுக்கும், கடைசியான ஆறாவது உயரம் குறைந்தவர்களுக்கும் உரியவை. இடைப்பட்ட மூன்றும் நின்று ஆடுபவர்களுக்கானவை. கால்களில் பாதிப்பு மிகுந்தவர்கள் எஸ்.எல்.3 என்றும், கால் பாதிப்பு அதைவிடக் குறைந்தவர்கள் எஸ்.எல்.4 என்றும், கையில் பாதிப்புள்ளவர்கள் எஸ்.யு.5 என்றும் அழைக்கப்படுகின்றனர். எண் சிறிதானால் பாதிப்பு பெரிது என்று பொதுவாகக் கொள்ளலாம். மணீஷா எஸ்.யு.5 வகுப்பினர்.

ஒற்றையரில் இந்தப் பிரிவு எளிதாகவே இயங்குகிறது. ஐந்தாம் வகுப்பினர் தமக்குள் மோதுகின்றனர். இரட்டையரில், ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப்போட்டி வைக்குமளவு ஆட்டக்காரர்கள் இல்லாமையால், எஸ்.எல்.3 முதல் எஸ்.யு.5 வரையுள்ள மூன்று வகுப்புகளும் பெண்கள் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் ஒரே போட்டியில் சேர்க்கப்பட்டு, இணையிலுள்ள இருவரின் வகுப்பு எண்களைக் கூட்டினால் எட்டுக்கு மேல் போகக்கூடாது என்று விதிக்கப்பட்டிருக்கிறது. நான்கும் நான்கும் சேரலாம். இந்தோனேசியாவின் லியானி ராத்ரி ஒக்திலாவும் காலிமத்துஸ் சாதியாவும் அவ்வாறு சேர்ந்தே டோக்கியோ பாராலிம்பிக் தங்கத்தை வென்றார்கள். ஐந்தாம் வகுப்பினர் மட்டும் மூன்றாம் வகுப்பில்தான் துணையைத் தேட வேண்டும். ஐந்தும் ஐந்தும் பத்து, ஐந்தும் நான்கும் ஒன்பது, இரண்டும் விதிக்குப் புறம்பு.

இவ்விதியின் விளைவு தமிழகத்தைப் பொறுத்தவரை விசித்திரமானது. மணீஷாவைப் போலவே உலகின் முன்னணி எஸ்.யு.5 ஆட்டக்காரராகிய துளசிமதி முருகேசன் பக்கத்திலுள்ள காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். ஒரே மொழி பேசும், ஏறத்தாழ ஒத்த வயதுடைய இருவர் சேர்ந்தால் அருமையான இணை அமையும் என்று எவருக்கும் தோன்றும். கூட்டல் கணக்கோ அவர்களை இப்பிரிவில் இணையாக நிற்க விடாமல், வலைக்கு இருபுறமும் எதிராளிகளாகவே நிறுத்துகிறது. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டுகளில் துளசிமதி, எஸ்.எல்.3 வகுப்பினரான மானசி ஜோஷியுடன் சேர்ந்து வெள்ளியும், மணீஷா அதே வகுப்பினரான மன்தீப் கௌருடன் சேர்ந்து வெண்கலமும் பெற்றனர். கலப்பு இரட்டையரிலும் ஒடிசாவின் பிரமோத் பகத் என்ற ‘மூன்று’டன் இணைந்தே மணீஷா வெண்கலம் வென்றார்.

ஆடுகளத்தில் இந்த ‘மூன்றும் ஐந்தும்’ எப்படி இயங்குகின்றன என்பதே இப்பிரிவின் சுவையான பகுதி. சாதாரண இரட்டையரில், தாக்கும்போது ஒருவர் வலையருகிலும் மற்றவர் பின்னாலும் நிற்பர். தற்காக்கும்போது இருவரும் பக்கம்பக்கமாக விரிவர். பந்து பறக்கும் கணத்திலேயே இந்த இரு அமைப்புகளுக்கும் இடையே மாறிக்கொள்வதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. எஸ்.எல்.3 ஆட்டக்காரர் ஒற்றையரில் நீளவாக்கில் பாதியாகக் குறுக்கப்பட்ட களத்தில் ஆடிப் பழகியவர். இரட்டையரில் அவருக்கும் 6.1 மீட்டர் அகலமும் 13.4 மீட்டர் நீளமும் உள்ள முழுக்களம் தரப்படுகிறது. எனவே கால் விரைந்து இயங்கும் ஐந்தாம் வகுப்பினர் பின்களத்தின் இரு மூலைகளையும் ஓடிக் காத்துக்கொண்டே, துணைவர் எந்த எல்லைக்குள் எட்டிப் பிடிப்பார் என்பதையும் மனத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. எதிரணியும் இதை அறியும் என்பதால் மெதுவாக நகரும் காலை நோக்கியே பந்தை இறக்கும். ஓடுபவருக்கும் உடல் முழுமையாகக் கைகொடுப்பதில்லை, ஏனெனில் எம்பி ஸ்மாஷ் அடிக்கும்போது உடலைச் சமநிலையில் நிறுத்துவது மட்டை பிடிக்காத மற்றக் கையே. பார்வையாளர்கள் புள்ளியை மட்டுமே எண்ணுகிறார்கள். இப்பிரிவில் எண்ண வேண்டியது காலடிகளை.

இரட்டையர் தொழில்வாழ்க்கையின் நிச்சயமின்மைக்கு 2024 பாரிஸ் பாராலிம்பிக் வலுவான சான்று. டோக்கியோவில் இடம்பெற்றிருந்த எஸ்.எல்.3 முதல் எஸ்.யு.5 வரையிலான பெண்கள் இரட்டையர், பாரிஸ் பட்டியலில் இல்லை. புதிய ஒற்றையர் பிரிவுகள் சேர்க்கப்பட்டன, இது நீக்கப்பட்டது. எஞ்சிய கலப்பு இரட்டையரில் இந்தியாவுக்காக நிதேஷ் குமார்–துளசிமதி, சுகாஸ் யதிராஜ்–பாலக் கோலி ஆகிய இணைகள் களமிறங்கின. பிரமோத் பகத்தோ, தாம் இருக்குமிடத்தைப் பரிசோதனையாளர்களுக்குத் தெரிவிக்கும் ஊக்கமருந்துத் தடுப்பு விதியைப் பன்னிரண்டு மாதங்களில் மூன்றுமுறை மீறியதற்காகப் பதினெட்டு மாதத் தடைக்கு உள்ளாகியிருந்தார். இவ்வாறு ஆசிய அளவில் இரண்டு இரட்டையர் பதக்கங்கள் பெற்ற மணீஷா, பாரிஸில் ஒற்றையரில் மட்டுமே ஆடினார். அரையிறுதியில் 23–21, 21–17 என்று துளசிமதியிடம் தோற்று, செப்டம்பர் 2 அன்று டென்மார்க்கின் காத்ரீன் ரோசன்கிரனை 21–12, 21–8 என்று வென்று வெண்கலம் பெற்றார். அன்றே துளசிமதி சீனாவின் யாங் சியுசியாவிடம் தோற்று வெள்ளி பெற்றார். பாராலிம்பிக் இறகுப்பந்தில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் பதக்கங்கள் இவை.

தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும் மணீஷாவுக்கு 1 கோடி ரூபாயும் ஊக்கத்தொகையாக வழங்கியது; 2025 ஜனவரியில் இருவரும் அர்ஜுனா விருது பெற்றனர். பாராட்டு உரியதே. இருப்பினும், பெண்கள் இரட்டையரை நீக்கிய முடிவு இப்பிரிவின் வளர்ச்சிக்கு உதவாத முடிவு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனெனில் வெவ்வேறு உடல்நிலை கொண்ட இருவர் ஒருவர் குறையை மற்றவர் ஈடுசெய்து ஆடும் இந்த ஆட்டத்தைவிடச் செறிவான காட்சி ஒற்றையரில் அரிது.

பிரிவு நிலைத்தாலும், ஐந்துக்குத் துணையாக ஒரு மூன்று கிடைக்க வேண்டும்; அந்த மூன்று அருகிலேயே இருக்கக்கூடும். சென்னையிலிருந்து மேற்கே அரக்கோணம் பாதையில் திருவள்ளூரும், வடக்கே கூடூர் பாதையில் கும்மிடிப்பூண்டியும் அமைந்துள்ளன. ஒரே மாவட்டத்தின் இவ்விரு ஊர்களில் ஒன்று உலகச் சாம்பியனைத் தந்தது, மற்றொன்று சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படுகிறது. இயந்திரங்களும் கொல்கத்தா நெடுஞ்சாலையின் கனரக வண்டிகளும் நிறைந்த வட்டாரத்தில் விபத்தால் காலிழப்பவர்கள் இருக்கவே செய்வார்கள். மானசி ஜோஷி பிறவியிலேயே மாற்றுத்திறனாளர் அல்லர். மும்பையில் பொறியாளராகப் பணியாற்றியபோது 2011இல் சாலை விபத்தில் இடக்காலை இழந்து, செயற்கைக்காலுடன் ஆடி 2019இல் பாசல் நகரில் உலகச் சாம்பியனானவர் அவர். ஆகவே பணிமனையை அடுத்து ஷட்டில் கோர்ட் வைத்திருக்கும் நிறுவனங்களும், மாலையில் வாடகைக்கு விடும் தனியார் கோர்ட்டுகளும், ஊன்றுகோலுடனோ செயற்கைக்காலுடனோ வாசலில் தயங்கி நிற்கும் பெண் ஒருத்தியைக் கண்டால், வேடிக்கை பார்க்க வந்தவளென்று எண்ணாமல் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். திருவள்ளூரின் ஐந்துக்கு ஹாங்சோவில் துணை நின்ற மூன்றுகள் இரண்டும் வெளிமாநிலங்களிலிருந்து வந்தவை.