ஏர்கன் வாங்கப் போறீங்களா? 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் ஒரு சட்டம் இருக்கு!

மெரினா கடற்கரையில் சுண்டல், பஜ்ஜி கடைகளைத் தாண்டிப் போனால், பலூன்களை வரிசையாகக் கட்டிய பலகைகள் கண்ணில் படும். காசு கொடுத்தால் துப்பாக்கியை நடுவில் மடக்கி, சின்னதாக ஒரு ஈயக் குண்டைப் போட்டுக் கையில் கொடுப்பார்கள். நாலு பலூன் உடைந்துவிட்டால் போதும், ‘அட, நமக்கும் குறி வருதே!’ என்று தோன்றிவிடும். தமிழ்நாட்டில் பலருக்கும் துப்பாக்கி சுடுதல் அறிமுகமானது இப்படித்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம், ஸ்வப்னில் குசாலே ஒரு வெண்கலம் வென்ற பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. அதே ஒலிம்பிக்கில் களமிறங்கிய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கியதும் ரசிகர்கள் அறிந்ததே.

‘பொழுதுபோக்குக்கு நாமும் ஒண்ணு வாங்கலாமே’ என்று இணையத்தில் தேடினால் .177, .22, ஸ்பிரிங், பிசிபி என்று தலை சுற்றும். ‘எல்லாம் ஏர்கன்தானே, கொஞ்சம் பெருசாவே வாங்கிக்கலாம்’ என்று நினைப்பவர்களுக்குத்தான் சிக்கல் காத்திருக்கிறது. எதை வாங்கலாம்? எதற்கு உரிமம் வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

.177, .22 என்றால் என்ன?

இவை துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்கள். அங்குலக் கணக்கு. .177 என்றால் 4.5 மில்லிமீட்டர். .22 ஏர்கன் என்றால் 5.5 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. .22 என்ற பெயரில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்று, காற்றழுத்தத்தில் ஈயக் குண்டைத் தள்ளும் ஏர்கன். மற்றொன்று, வெடிமருந்து நிரப்பிய தோட்டாவைச் சுடும் நிஜ ரைஃபிள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

‘மருந்து வெடிச்சாத்தானே துப்பாக்கி, காத்துல சுடுறது பொம்மைதானே?’ என்று பலர் கேட்பதுண்டு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெடிமருந்தாலோ, வேறு எந்த வகை ஆற்றலாலோ குண்டை வெளியே செலுத்தும் ஆயுதம் எல்லாமே அந்தச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். ஏர்கனும் இதில் அடங்கும்.

ஆனால் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் ஒரு சலுகை தருகின்றன. குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு மேற்படாமல், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமல் இருக்கும் ஏர்கனுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்துக் கடையில் வாங்கலாம்.

இந்த இரண்டில் எது தாண்டினாலும் உரிமம் கட்டாயம். அதாவது 5.5 மில்லிமீட்டர் ஏர்கன் எவ்வளவு சாதுவாகச் சுட்டாலும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. ‘தெரியாம வாங்கிட்டேன் சார்’ என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

4.5 மில்லிமீட்டர் என்றாலும் ஆற்றலைப் பார்க்க வேண்டும். ஏர்கன் குண்டின் எடை ஏறக்குறைய அரை கிராம். அது நொடிக்குச் சுமார் 280 மீட்டர் வேகத்தைத் தொட்டாலே 20 ஜூல் ஆகிவிடும். ‘நொடிக்கு 1,000 அடி வேகம்’ என்று விளம்பரம் செய்யும் துப்பாக்கியின் வேகம் 300 மீட்டருக்கும் மேல். எனவே வேகத்தைப் பார்த்து மயங்காமல், எத்தனை ஜூல் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது.

ஏர் ரைஃபிளா, .22 ரைஃபிளா?

ஒலிம்பிக்கில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். மனு பாக்கரின் இரண்டு பதக்கங்களும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்தவை. ஸ்வப்னில் குசாலே சுட்டது .22 தோட்டா ரைஃபிள், தூரம் 50 மீட்டர்.

போட்டிக்கான ஏர் ரைஃபிள் குண்டின் ஆற்றல் சுமார் 8 ஜூல். .22 தோட்டாவின் ஆற்றல் 130 ஜூலுக்கும் மேல். குறி தவறினால் .22 தோட்டா ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் ஆளைக் காயப்படுத்தலாம். அதனால்தான் அதற்கு உயரமான மண்மேடு, தடுப்புச்சுவர் கொண்ட சுடுதளம் அவசியம்.

.22 ரைஃபிள் சொந்தமாக வாங்க உரிமம் வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காக வைத்திருக்கும் .22 ரைஃபிளுக்கு இந்த எண்ணிக்கையில் விலக்கு உண்டு. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சுட்டு மகிழ நினைப்பவருக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா? பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. .22 சுட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் மேற்பார்வையில் சுட்டுப் பார்க்கலாம். 12 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களும் இப்படிப் பயிற்சி பெற விதிகளில் வழி இருக்கிறது.

ஸ்பிரிங்கா, பிசிபியா?

மெரினாவில் பார்ப்பது ஸ்பிரிங் வகை. குழலை மடக்கும்போது உள்ளே கனமான ஸ்பிரிங் அழுந்தும். ட்ரிகரை இழுத்ததும் அது பாய்ந்து காற்றை அழுத்தி, குண்டைத் தள்ளும். விலை குறைவு, பராமரிப்பும் குறைவு. ஆனால் சுடும்போது துப்பாக்கி குலுங்கும். குண்டு போடாமல் வெறுமனே சுட்டால் உள்பாகங்கள் மோதிச் சேதமாகும்.

பிசிபி வகையில் உயர் அழுத்தக் காற்றைச் சிலிண்டரில் முன்கூட்டியே நிரப்பி வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் காற்று மட்டும் வெளியேறும். குலுக்கல் இல்லை, குறி கச்சிதம். போட்டிகளில் பயன்படுவது இதுதான். ஆனால் விலை அதிகம். காற்று நிரப்பத் தனி பம்ப் அல்லது பெரிய சிலிண்டர் வேண்டும். துப்பாக்கிச் சிலிண்டருக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்கும் மூன்றாவது வகையும் உண்டு. வெயில் ஏற ஏற உள்ளே அழுத்தம் மாறும், குண்டின் வேகமும் மாறும். நம்மூர் வெயிலில் காலையில் பட்ட இடத்தில் மதியம் படாது.

பொழுதுபோக்குக்கு நல்ல ஸ்பிரிங் ரைஃபிளே போதும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், சில மாதம் கிளப் துப்பாக்கியில் பழகிவிட்டு பிசிபி பக்கம் போகலாம்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

குழல்: உள்ளே திருகு வரிகள் இருக்க வேண்டும். அவைதான் குண்டைச் சுழலவிட்டு நேராகச் செலுத்துபவை. மலிவான சில துப்பாக்கிகளின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். அதை வைத்துக் குறி பழக முடியாது.

எடை, அளவு: போட்டி ரைஃபிளின் எடை வரம்பு 5.5 கிலோ. பொழுதுபோக்கு ரைஃபிள் அதைவிட லேசாகவே இருக்கும். தோளில் வைத்துக் குறிபார்க்கும்போது கழுத்தை வளைக்காமல் கண் தானாகக் குறிக்கு நேராக வர வேண்டும். வீட்டில் மூன்று பேர் சுடுவார்கள் என்றால் மூன்று பேரும் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

ட்ரிகர்: இழுக்கும்போது துப்பாக்கி ஆடினால் அந்த மாடல் வேண்டாம்.

குண்டு: காகித இலக்குக்குத் தட்டைத் தலைக் குண்டு ஏற்றது. காகிதத்தில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடும். புள்ளி எண்ணுவது எளிது. ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கை கழுவாமல் சாப்பிடக்கூடாது.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் பொட்டுதான். அதைத் தொட நிதானம்தான் வேண்டும், பெரிய குண்டு வேண்டியதில்லை.

மொட்டை மாடியில் சுடலாமா?

உரிமம் வேண்டாம் என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. ஏர்கன் குண்டு தோலைத் துளைக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். குறி தவறினால் சில நூறு மீட்டர் பறக்கும். கருங்கல், இரும்பில் பட்டால் திரும்பி வரும். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் ஆள் அந்த எல்லைக்குள்தான் இருப்பார்.

இலக்குக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் தடுப்பு, சுடுபவருக்குக் கண்ணாடி, நடுவில் யாரும் வர முடியாத இடம். இந்த மூன்றும் இல்லாவிட்டால் கிளப்புக்குப் போவதே சரி. துப்பாக்கியையும் குண்டையும் தனித்தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். குழலை மனிதர் பக்கம் திருப்பவே கூடாது. ‘காலியாத்தான் இருக்கு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

புறா, கொக்கு, அணில் என்று குறிவைப்பதும் கூடாது. வன உயிரினங்களை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குப் போகக்கூடிய குற்றம். அருணாச்சலப் பிரதேசத்தில் ஏர்கன்களால் பறவைகள் அழிவதைப் பார்த்து, 2021-ல் அவற்றைத் தாமாக ஒப்படைக்கும் இயக்கமே தொடங்கினார்கள்.

சரி, எதை வாங்குவது?

முதல் துப்பாக்கி என்றால் .177, 20 ஜூலுக்குள், திருகு வரிக் குழல் கொண்ட ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு வாங்க வேண்டும். குழல் விட்டமும் ஜூல் அளவும் ரசீதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘இதுக்கெல்லாம் லைசென்ஸ் எதுக்கு சார்?’ என்று 5.5 மில்லிமீட்டரை நீட்டும் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

அதற்கும் முன்னால், ஒரு மாதம் கிளப்பில் சுட்டுப் பாருங்கள். ஆசை அப்போதும் குறையாவிட்டால் கடைக்குப் போகலாம்.