அறுபது தௌ ஆயுள்

எம்.ஜி.பி. காரின் பானட்டைத் தூக்கினால் இன்ஜின் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். மேலே பிளாஸ்டிக் மூடி எதுவும் கிடையாது. ஒரு பக்கம் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள், அவற்றின் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. மறுபக்கம் டிஸ்ட்ரிபியூட்டர், நான்கு பிளக்குகள், ஆயில் ஃபில்டர். சுற்றிலும் கை போக, ஸ்பானர் திரும்ப இடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் இன்றைக்கும், வாரம் முழுக்க ஆபீஸில் கணக்குப் பார்ப்பவரும் பள்ளியில் பாடம் நடத்துபவரும் வீட்டை ஒட்டிய கராஜில் இந்த இன்ஜினை இறக்கி, பிரித்து, மறுபடி கோத்து ஓட்டுகிறார்கள். பழைய காரின் மீதுள்ள பாசம் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இந்த இன்ஜினைச் செய்தவர்கள், இது தேயும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். தேய்ந்த பிறகு என்ன செய்வது என்பதற்கான இடத்தையும் இரும்பிலேயே விட்டுவைத்தார்கள். வீட்டில் வேலை செய்பவர் கையிலெடுப்பது அந்த இடத்தைத்தான்.

எம்.ஜி.பி. 1962-ல் வந்தது. 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டு, பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. உள்ளே இருப்பது பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்த 1798 சி.சி. இன்ஜின்: வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், புஷ்ராடு, ராக்கர். ஆரம்பத்தில் கிராங்க்குக்கு மூன்று மெயின் பேரிங். 1964 கடைசியிலிருந்து ஐந்து.

இந்தக் குடும்பத்தை நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும். 1959-ல் அம்பாசடருக்குள் வந்த 1489 சி.சி. இன்ஜினும் இதே பி சீரிஸ்தான். எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் 1955-ல் வந்தபோது அதிலும் இதே 1489 சி.சி.தான் இருந்தது. பிற்பாடு சிலிண்டரை அகலமாக்கி அகலமாக்கி 1588, 1622, 1798 என்று கொண்டுபோனார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான 88.9 மி.மீ.யைக் கடைசிவரை தொடவில்லை. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினுக்கு ரிங் செட் மாற்றிப் பழகிய ஒருவரை ஆபிங்டன் காரின் முன் நிறுத்தினால், எது எங்கே இருக்கிறது என்று அவர் தடுமாற மாட்டார்.

வீட்டில் இன்ஜின் பிரிக்கும் பழக்கத்துக்குப் புத்தகம் போட்டுக் கொடுத்தவரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்தவர்தான். 1965-ல் ஏடனில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றிய ஜான் ஹேன்ஸ், சக அதிகாரி ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டைச் சரிசெய்ய உதவினார். கம்பெனி வெளியிட்ட மேனுவல் தொழில் தெரிந்த மெக்கானிக்குக்காக எழுதப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது பிடிபடவில்லை. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போதும் மாட்டும்போதும் போட்டோ எடுத்துவைத்தார். அடுத்த வருஷமே அது புத்தகமானது. முதல் பதிப்பின் 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. முழுக்கப் பிரித்து முழுக்கக் கோத்த வண்டியைப் பார்த்து எழுதுவது என்ற ஒழுங்கு அங்கிருந்துதான் வந்தது.

இன்ஜினை இறக்குவதில் பெரிய சூட்சுமம் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி, வயர்களுக்குச் சீட்டுக் கட்டி, கிரேனில் மாட்டி, கியர்பாக்ஸோடு சாய்த்துத் தூக்குவார்கள். நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து மல்லுக்கட்டினால் முனை மழுங்கும். பிரிக்கும்போது விடக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. மெயின் பேரிங் கேப்புகளும் கனெக்டிங் ராடுகளின் கேப்புகளும் எந்த இடத்திலிருந்து வந்தனவோ அதே இடத்துக்கு, அதே திசையில் திரும்பிப் போக வேண்டும். அவை பிளாக்கோடும் ராடோடும் சேர்த்துக் குடையப்பட்டவை. இடம் மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது.

ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்துக் கீழ்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் இறங்கும். ரிங் போகாத இடத்தில் சுவர் பழைய அளவிலேயே நிற்க, ரிங் உரசிய இடம் தேய்ந்திருப்பதால் வந்த படி அது. மறுபடி மேல்நோக்கி இழுக்கும்போது நகம் லேசாகத் தட்டினால் பரவாயில்லை. மாட்டிக்கொண்டு நின்றால், வண்டி ஏன் நீலப் புகை தள்ளியது, ஏன் ஆயில் குடித்தது என்பதெல்லாம் அந்த இடத்திலேயே விளங்கிவிடும்.

அங்கிருந்து இது அளவெடுக்கும் வேலை. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் ஏறக்குறைய மூன்று தௌ இருக்கும். சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்து எழுத வேண்டும். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையில்தான் தேய்மானம் கூடுதலாக இருக்கும், வட்டம் நீள்வட்டமாகியிருக்கும். புது ரிங்கை அந்த நீள்வட்டத்துக்குள் போட்டுப் பயனில்லை. ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று அவசரப்படுகிறவர்கள் அடுத்த வருஷமே மறுபடி ஹெட்டைத் தூக்குகிறார்கள்.

இன்ஜினைச் செய்தவர்கள் விட்டுவைத்த இடம் இங்கேதான் உதவுகிறது. எம்.ஜி.பி. சிலிண்டரின் அசல் விட்டம் 80.26 மி.மீ. அதை 20 தௌ, 30 தௌ, 40 தௌ, கடைசியாக 60 தௌ வரை பெரிதாகக் குடைந்து, அந்தந்த அளவுக்குப் பிஸ்டன் வாங்கிப் போடலாம். கிராங்க்கிலும் அப்படித்தான்: பேரிங்குக்குள் சுழலும் ஜர்னல்களை 10, 20, 30, 40 தௌ என்று சாணை பிடித்து, அதற்கேற்பக் கனமான பேரிங் போடலாம். 60 தௌவையும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடலாம். அறுபது தௌ என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இரும்புக்குள் பல பத்தாண்டு ஓட்டம் அடங்கியிருக்கிறது. இன்றைய அலுமினியப் பிளாக்குகள் பலவற்றில் சிலிண்டர் சுவரில் மெல்லிய பூச்சு மட்டுமே இருக்கும். குடைய அங்கே இடமே வைப்பதில்லை. எடை குறைந்தது, எரிபொருள் மிச்சமானது, எல்லாம் சரி. ஆனால் ரிப்பேருக்கு வைத்திருந்த இடத்தைத் தூக்கிக் கொடுத்துத்தான் அதையெல்லாம் வாங்கியிருக்கிறோம். இந்த விலையைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய முடியாது. செய்ய நினைக்கவும் கூடாது. சிலிண்டர் குடைவது, கிராங்க் சாணை பிடிப்பது, ஹெட்டைச் சமதளமாகச் சீவுவது, வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பது, இதெல்லாம் பட்டறை வேலை. 18வி என்று குறிக்கப்படும் பிந்தைய எம்.ஜி.பி. இன்ஜின்களில் பிஸ்டன் பின் ராடுக்குள் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். சுத்தியலால் தட்டினால் பிஸ்டன் உடையும். அதையும் பிரஸ் இருக்கும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். புது பிஸ்டன் கைக்கு வந்த பிறகு, அதை அளந்து அதற்கேற்பச் சிலிண்டரைக் குடையும் பட்டறை நல்ல பட்டறை. அளவைக் கேட்டதும், பிஸ்டனைக் கண்ணால் பார்க்காமலே குடைந்து தருகிறேன் என்பவரிடமிருந்து பிளாக்கைத் திருப்பி எடுத்துவந்துவிடலாம்.

பட்டறையிலிருந்து பிளாக் திரும்பியதும் பார்க்கப் பளபளவென்று இருக்கும். அதை நம்பக்கூடாது. குடைந்த சுவரைத் தீட்டிய ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டர் சுவரின் நுண்கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்தால் அது போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் வரும். மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை இதை நிறுத்தக்கூடாது. வந்ததும் தாமதிக்காமல் ஆயில் பூச வேண்டும்; ஈரமான வார்ப்பிரும்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு பூக்கும். பிளாக்கின் ஆயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, உள்ளே நீளப் பிரஷ் விட்டு எடுப்பதும் இதோடு சேர்ந்தது. பழைய இன்ஜினின் கசடு அந்த இருட்டுக் குழாய்களில்தான் பதுங்கியிருக்கும். புது பேரிங்கைப் போட்டு ஸ்டார்ட் செய்த முதல் நிமிஷத்தில் அது வெளியே வந்தால் அத்தனை வேலையும் பாழ்.

கழற்றிய பழைய பேரிங்குகளைத் தூக்கிப் போடாமல் வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது. முகம் சீரான மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் ஒழுங்காக உழைத்திருக்கிறது. செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. ஒரே ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம். அளந்து பார்க்காமல் மேலே போகக்கூடாது.

புது பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே ஆயிலுக்கு விட வேண்டிய இடைவெளி ஒன்றிலிருந்து மூன்று தௌவுக்குள் இருக்க வேண்டும். அதை வீட்டிலேயே அளக்கப் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகுபோன்ற இழை கிடைக்கிறது. எண்ணெய் துடைத்த ஜர்னலின் மேல் ஒரு துண்டை வைத்து, கேப்பை மாட்டி, டார்க் ரெஞ்ச்சில் 70 பவுண்டு-அடி வரை முடுக்கி, கிராங்க்கைத் துளியும் சுற்றாமல் மறுபடி கழற்ற வேண்டும். இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சிட்ட அளவுகோலோடு அதன் அகலத்தை ஒப்பிட்டால் இடைவெளி எத்தனை தௌ என்று தெரியும். பட்டை அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு. பட்டறை சாணை பிடித்தது சரியா, கடையில் தந்த பேரிங் சரியான அளவா என்ற இரண்டு கேள்விக்கும் அந்தச் சின்ன இழை பதில் சொல்லிவிடும்.

ரிங்கையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து நேராகப் பிஸ்டனில் மாட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த விட்டத்துக்குக் குறைந்தது 12 தௌ இடம் வேண்டும். சூட்டில் ரிங் நீளும்போது முனைகள் முட்டிக்கொண்டால் ரிங் சுவரைக் கீறும், உடையவும் கூடும்.

ஹெட்டில் இந்தக் காலத்துக்கென்று ஒரு மாற்றம் அவசியம். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. எரிந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஈயப் பெட்ரோல் 2000-ல் விடைபெற்றது. படலம் போனதும் வால்வு வார்ப்பிரும்பு இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உள்ளே இறங்குகிறது. டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைவதுதான் அதன் முதல் அறிகுறி. ஹெட் பட்டறைக்குப் போகும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான இருக்கை வளையங்களைப் பதித்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

டைமிங் செயின், ஆயில் பம்ப், கேஸ்கெட்டுகள் எல்லாம் மேனுவலைப் பார்த்து மாட்டக்கூடியவை. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, 45 முதல் 50 பவுண்டு-அடி வரை முடுக்க வேண்டும். கேம்ஷாஃப்ட் விஷயம் வேறு. புது கேமுக்குப் புது ஃபாலோயர் போடாமல் விடக்கூடாது. ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டிய இந்த இரு முகங்களுக்குத் தனிப் பேஸ்ட் தடவி மாட்டுவார்கள். முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி, டேஷ்போர்டு மீட்டரில் ஆயில் பிரஷர் முள் எழுவதைப் பார்த்துவிட வேண்டும். அதன்பின் இன்ஜின் பற்றியதும், எல்லாருக்கும் இயல்பாக வரும் ஆசையை, ஐட்லிங்கில் விட்டுச் சத்தம் கேட்கும் ஆசையை, அடக்க வேண்டும். உடனே 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏற்றி, 20 நிமிஷம் அங்கேயே பிடிக்க வேண்டும். கேமுக்கு ஆயில் கிடைப்பது பெரும்பாலும் சுழலும் கிராங்க் வாரி அடிக்கும் தெறிப்பிலிருந்து. ஐட்லிங்கில் அந்தத் தெறிப்பு போதாது, வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தமோ முழுசாக இருக்கும். இதனால்தான் ஆயில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக இன்றைய கார் ஆயில்களில் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். அது போதிய அளவில் இருக்கும் 20டபிள்யூ-50 ஆயில்தான் இந்தக் கேமைக் காப்பாற்றும்.

முதல் 500 மைல் ஓடியபின் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை அதே வரிசையில் மறுபடி பார்த்து, டேப்பெட்டை 15 தௌவுக்கு வைக்க வேண்டும். ஹெட்டை முடுக்கினால் டேப்பெட் மாறும் என்பதால் வரிசை இதுதான். பிறகு ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும்: சிலிண்டர் எத்தனை தௌ குடைந்தது, கிராங்க் எத்தனை தௌ சாணை பிடித்தது, எந்த அளவு பேரிங், எந்தக் கேம், என்ன தேதி. வண்டி கைமாறினால் அந்தத் தாளும் சாவியோடு போக வேண்டும். 20 தௌ செலவான பிளாக் என்றால் இன்னும் 40 தௌ பாக்கி இருக்கிறது, அடுத்தவர் அதை அளக்காமலே தெரிந்துகொள்ளலாம்.