சொப்புக் குடம் கடையும் கை

வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரம் என்றால் நெய்வேலி நகரியமும் சுற்று ஊர்களும் அன்று அங்கேதான் இருக்கும். காவடி பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் கடை வரிசையில் நின்று அடம்பிடிப்பது சொப்புச் சாமானுக்கு. குடம், பானை, அடுப்பு, உரல், உலக்கை, அம்மி எல்லாம் விரல் உயரத்தில். இப்போது கண்ணில் படுவது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். மரத்தில் கடைந்து அரக்குப் பூசிய சொப்பு, தேடினால்தான் கிடைக்கிறது.

இந்தப் பத்தியில் பொம்மைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நம் கிராமங்களில் சாதியை ஒரு பிள்ளை முதலில் அறிந்துகொள்வது பெரும்பாலும் பாத்திரத்தின் வழியாகத்தான். டீக்கடையில் தனிக் குவளை, பண்ணை வீட்டில் கொல்லைப்புறமாக வரும் ஈயத்தட்டு, தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்வது. 1955-ம் ஆண்டிலேயே சட்டம் இதைக் குற்றமாக்கியது. 1989-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. ஆனாலும் காலனிப் பிள்ளையும் ஊர்த்தெருப் பிள்ளையும் ஒரே சொப்பில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடுவது, பெரியவர் ஒருவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் வரைக்கும்தான். பாத்திரம் யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வியைப் போலவே, அதைச் செய்யும் உளி யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வியும் பழையது. நாம் இன்று பேச வந்தது அந்த இரண்டாவது கேள்வியை.

முதலில் வேலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் மரச் சொப்புக்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். கர்நாடகத்தில் சன்னபட்டணம், ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாகா. பிந்தைய இரண்டு ஊர்களின் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்த இரண்டு ஊர்களிலும் அதிகம் பயன்படும் மரம் நாம் அறிந்ததுதான்: தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்சுகிறோமே, அந்த வெட்பாலை. வெளுத்த நிறம், மென்மை, சீரான இழை. உளிக்கு இணங்கிக் கொடுக்கும்.

ஈர மரத்தில் குடம் கடைந்தால் காயும்போது வெடித்துவிடும். அதனால் கட்டையை மாதக்கணக்கில் நிழலில் காயவிடுகிறார்கள். பிறகு துண்டாக்கிக் கடைசல் எந்திரத்தில் ஒரு முனையை மட்டும் இறுக்குகிறார்கள். மறுமுனை திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் உளி அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் வெளிப்புறம்: கழுத்து, தோள், வயிறு. அடுத்து நடுவில் ஒரு துளை, அடி ஓட்டையாகாமல் ஆழம் அளந்து. அந்தத் துளையிலிருந்து உளியை நடுவிலிருந்து வெளியே நோக்கி நகர்த்திக் குடைகிறார்கள். வாயகன்ற சட்டி என்றால் கண்ணால் பார்த்துக்கொண்டே குடையலாம். குடத்துக்கு வாய் குறுகல், வயிறு அகலம். வளைந்த முனையுள்ள உளி உள்ளே போனதும் கண்ணுக்கு வேலை இல்லை. சத்தம்தான் வழிகாட்டி. சுவர் மெலிய மெலிய மரத்தின் ஓசை மாறும். அது காதில் விழாவிட்டால் அரை மணி நேர உழைப்பு கையில் இரண்டு துண்டாக வந்துவிடும். சின்னப் பாத்திரம்தானே என்று நினைக்கக் கூடாது. பெரிய குடத்தில் ஒரு நூல் தடிமன் கூடக்குறைய இருந்தாலும் தெரியாது, விரல் உயரக் குடத்தில் அந்த ஒரு நூல்தான் சுவரே.

நிறம் ஏற்றுவது இன்னும் அழகு. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. தாழை மடலை வைத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போல் பளபளப்பு. அந்த அரக்கும் ஒருவர் உழைப்புதான். புரசு, இலந்தை போன்ற மரங்களில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட் காடுகளில் அதைச் சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். பொம்மைக் கடையில் அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை.

மின்சாரம் வருவதற்கு முன்பு இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்றுவார், மற்றவர் உளி பிடிப்பார். கைவினைஞர் என்ற பெயர் உளி பிடித்தவருக்குப் போனது. கயிறு இழுத்தவர் கூலியாள். இன்று அவர் இடத்தில் சின்ன மோட்டார் இருக்கிறது. நல்லதுதான்.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாள்முதல் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ. என்பது பழகிய சொல். அங்கே டர்னர் பிரிவுக்குத் தமிழில் என்ன பெயர்? கடைசலர். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் இரண்டு ஆண்டு படிக்கும் பாடம். காலனிகளிலிருந்து போய் அதைப் படித்துவிட்டு ஒப்பந்த வேலைக்கோ பட்டறைக் கூலிக்கோ காத்திருக்கும் இளைஞர்கள் நமக்குத் தெரிந்தே பலர். அவர்கள் இரும்பைக் கடைகிறார்கள், அம்பாசமுத்திரத்துக்காரர் மரத்தைக் கடைகிறார். வித்தியாசம் உண்டு. இரும்புக் கடைசலில் உளி எந்திரத்தில் இறுக்கப்பட்டிருக்கும், சக்கரம் திருகினால் நகரும். மரக் கடைசலில் உளி கையில் இருக்கிறது. தாங்குகட்டையில் சாய்த்துப் பிடிக்கும் அந்தக் கைப்பழக்கம் புதிதாக வர வேண்டும். ஆனால் மையம் பிடிப்பது, அளவு பார்ப்பது, சுழலும் எந்திரத்தின் அருகே தொளதொள உடையோடு நிற்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பலாவும் முந்திரியும் நம் மாவட்டத்து மரங்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாதான் போகிறது. சொப்புக்கு எந்த மரம் பொருந்தும் என்பதைக் கடைந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தடை எங்கே இருக்கிறது? 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்குக் கடனும் கருவியும் தருகிறது. பொம்மை செய்வதும் அதில் உண்டு. ஆனால் குடும்பவழிப் பாரம்பரியத் தொழில் என்பதே அதன் அடிப்படை. அப்பன் செருப்புத் தைத்தவர், பிள்ளை மரம் கடைய வந்தால் அது எந்தக் குடும்பவழி? வயது வரம்போ 18. 1953-ல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்த மண் இது. மறு ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த நினைவோடுதான் 2024 நவம்பரில் தமிழ்நாட்டு முதல்வர், குடும்பத்தொழில் நிபந்தனையை நீக்கி வயதை 35 ஆக்குங்கள் என்று மத்திய அமைச்சருக்கு எழுதினார். அது ஏற்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 25 தொழில்கள், மர வேலைப்பாடு உட்பட. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் மானியம். சாதியும் குடும்பத்தொழிலும் கேட்பதில்லை.

ஆனால் வயது 35 ஆகியிருக்க வேண்டும். கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளை உளியோடு உட்கார்ந்துவிடக் கூடாது என்ற எண்ணம் நமக்குப் புரிகிறது, உடன்பாடும் உண்டு. இருந்தாலும் படித்து முடித்துவிட்டு 22 வயதில் வேலையில்லாமல் நிற்கும் கடைசலர் என்ன செய்வார்? அவருக்கு வேறு கதவு இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் தொழில் தொடங்க 35 சதவீதம் மூலதன மானியமும், 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. வயது 55 வரை. படிப்புத் தகுதி கேட்பதில்லை.

சன்னபட்டணத்தைப் பாருங்கள். பழைய மைசூர் அரசு அங்கே தொழிற்பள்ளி நடத்தியது. பவாஸ் மியான் ஜப்பான் போய்க் கற்று வந்த நுட்பங்கள் கடைசல்காரர்களிடம் பரவின. இன்று அங்கே பெண்களும் கடைசல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறப்பு கொடுக்காததை அங்கே ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தது.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். மத்தியக் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முதல் குடம் கடைவதற்கு முன்பே கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. மேலே சொன்ன இரண்டு மாநிலத் திட்டங்களுக்கும் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். போகும்போது சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு ஐ.டி.ஐ. சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள்.