இசைக்கருவியில் உள்ள இருப்பு
பழைய ஐபாட்டிலிருந்து புதிய கணினிக்குப் பாடல்களை மாற்றும் முறை

ஐபாட் என்னும் கையடக்க இசைக்கருவியை ஆப்பிள் நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் அறிமுகம் செய்தனர். 5 கிகாபைட் கொள்ளளவுள்ள அதன் சிறு வன்தட்டில் ஆயிரம் பாடல்கள் அடங்கின. 2022-ஆம் ஆண்டு மே மாதத்துடன் அதன் கடைசி வகையும் நிறுத்தப்பட்டது. ஆயினும் பழைய கருவிகள் இன்றும் பலரிடம் உள்ளன. கணினி பழுதுற்ற வீடுகளில், அரிதிற் சேர்த்த பாடல்களுக்கு அக்கருவியே எஞ்சிய ஒரே இருப்பாக நிற்பதும் உண்டு. மறைந்த பெரியோர் பாடிய தாலாட்டு அதில் இருக்குமாயின், அதனை எக்கடையிலும் மீண்டும் வாங்க இயலாது. ஆதலின் அவ்விருப்பைப் பழுதின்றிப் புதிய கணினியிற் சேர்க்கும் வழியை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

ஒருவழிப் பாதை

முதற்கண் அறிய வேண்டுவது யாதெனில், ஐட்யூன்ஸ் என்னும் மென்பொருள் பாடல்களைக் கணினியிலிருந்து கருவிக்கு அனுப்புமேயன்றி, கருவியிலிருந்து கணினிக்குத் திருப்பி அனுப்பாது. பிறர் பாடல்களைத் திருட்டுப் படி எடுத்தலைத் தடுக்கவே இவ்வேற்பாடு. அக்கடையில் விலைக்கு வாங்கிய பாடல்களுக்கு மட்டும் 2006-ஆம் ஆண்டு முதல் விலக்கு உண்டு. உரிமையாளரின் கணக்கில் அனுமதி பெற்ற கணினிகளுக்கு, ஐந்து வரை, அவற்றை மாற்றிக் கொள்ளலாம். சொந்தக் குறுந்தகடுகளிலிருந்து எடுத்த பாடல்களும், வீட்டிற் பதிவு செய்தவையும் இவ்விலக்கில் அடங்கா.

பேராபத்து எங்கே?

புதிய கணினியில் கருவியை இணைத்தவுடன், 'இக்கருவி வேறொரு நூலகத்தோடு இணைந்துள்ளது. அழித்துவிட்டு இந்நூலகத்தோடு இணைக்கலாமா?' என்ற பொருளில் ஒரு வினா திரையில் தோன்றும். 'இரேஸ் அண்ட் சிங்க்' என்பதை அழுத்தினால், கருவியில் உள்ள யாவும் நீங்கி, புதிய கணினியின் வெறும் நூலகமே அதன் இடத்தில் வந்தமரும். பத்தாண்டுச் சேமிப்பு ஒரு நொடியில் அழியும். ஆகவே 'கேன்சல்' என்பதையே அழுத்துக. விண்டோஸ் கணினியில் ஷிப்ட், கண்ட்ரோல் ஆகிய இரு விசைகளையும், மேக் கணினியில் கமாண்ட், ஆப்ஷன் ஆகியவற்றையும் அழுத்திப் பிடித்தவாறே கருவியை இணைத்தால், தானே நடைபெறும் இணைப்பு தடைபடும்.

கிட்டங்கியும் பேரேடும்

பாடல்கள் கருவியினுள் மறைவான ஓர் அடைவில் உள்ளன. ஐபாட் கண்ட்ரோல் என்னும் அடைவைத் திறந்தால் மியூசிக் என்பதும், அதனுள் எஃப்00, எஃப்01 என எண்ணிட்ட சிற்றறைகளும் காணப்படும். ஒவ்வொரு பாடலும் பொருளற்ற நான்கெழுத்துப் பெயருடன் அங்கே கிடக்கும். சங்கக் கிட்டங்கியில் எண் மட்டும் இட்டு அடுக்கிய நூல் பொட்டலங்களை இது ஒக்கும். எப்பொட்டலம் எதுவென்பதைப் பேரேடு காட்டுமன்றோ? அவ்வாறே கருவியிலும் ஒரு தனிப் பேரேடு உண்டு. அத்துடன் பாடலின் பெயர், பாடியோர், தொகுப்பு ஆகியவற்றைக் குறித்த விவரச்சீட்டு பெரும்பாலும் கோப்பின் உள்ளேயே இருக்கும். ஆதலின் பெயர் மாறிக் கிடந்தாலும் பாடல் அடையாளம் இழப்பதில்லை.

செய்முறை

கருவியின் அமைப்பில் 'டிஸ்க்' பயன்பாட்டை அனுமதித்தால், அது கணினியில் ஒரு வட்டாகத் தோன்றும். பின்னர் மறைந்த கோப்புகளைக் காட்டுமாறு கணினிக்குக் கட்டளையிடுக. மியூசிக் அடைவு முழுவதையும் கணினிக்குப் படி எடுக்க. இடம் மாற்றுதல் கூடாது. அதன்பின் ஐட்யூன்ஸில், கோப்புகளை நூலகத்திற்குப் படி எடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் உள்ள இரு குறிகளையும் இட்டு, அவ்வடைவைச் சேர்த்தால், விவரச்சீட்டைக் கொண்டு பெயர்கள் மீண்டும் அமையும்.

மேக் முறையில் அமைந்த கருவியை விண்டோஸ் கணினி நேரே படிக்க இயலாது; மேக் கணினியோ இரண்டையும் படிக்கும். ஐபாட் டச் என்னும் வகை இவ்வாறு வட்டாகத் தோன்றாது என்பதையும் அறிக. 2009-ஆம் ஆண்டுக்கு முன் அக்கடையில் வாங்கிய பாடல்கள் பல பூட்டுடன் வந்தவை; வாங்கியவரின் கணக்கினாலன்றி அவை ஒலிக்கமாட்டா.

சரிபார்த்தல்

ஆண்டிறுதியில் இருப்பைச் சரிபாராது கணக்கை முடிக்கும் சங்கம் உண்டோ? கருவியின் 'அபௌட்' பக்கத்திற் காணும் பாடல் எண்ணிக்கையைப் புதிய நூலகத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடுக. இரண்டும் ஒத்த பின்னரே கருவியை வேறு எதற்கும் பயன்படுத்துக. வரிசைப் பட்டியல்களும், விருப்பக் குறிகளும் பேரேட்டைச் சார்ந்தவை. ஆதலின் இம்முறையில் வாரா.

இறுதியாக ஒன்று. வீட்டிற் பதிவு செய்த ஒலிகளுக்கு விவரச்சீட்டு இல்லாதிருத்தல் உண்டு. அவை நான்கெழுத்துப் பெயருடனேயே புதிய நூலகத்திற் கிடக்கும். அவற்றைக் கேட்டு, பாடியவர் பெயரும் ஊரும் எழுதி வைத்தல் மென்பொருளால் ஆகாத வேலை. அக்குரலை அறிந்த முதியோர் அருகில் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும். பின்னர் மற்றொரு படியை வேறொரு வட்டிலும் வைத்திடுக. ஒரே கிட்டங்கியில் முழு இருப்பையும் வைப்பது எக்காலத்தும் நன்றன்று.