கழுத்திலே கரன்ட்!

காதலிக்கு நெக்லஸ் வாங்குவதுகூட சுலபம் சார். நாய்க்கு எலெக்ட்ரானிக் காலர் வாங்குவதுதான் கஷ்டம்!

நண்பருக்கு ஹவுஸ் ஓனர் கெடு வைத்துவிட்டார் – 'குரைக்கிற நாயை அனுப்பு, இல்லே காலி பண்ணு!' என்னையும் கடைக்கு இழுத்துப் போனார்.

பீப் சத்தம், அதிர்வு, வாசனை பீய்ச்சுவது, ஷாக் என்று நாலு ரகம். சிலது நாம் ரிமோட்டை அழுத்தணும். சிலது குரைத்தால் தானாகவே வேலை செய்யும். இதில்தான் வில்லங்கம். வெறும் மைக் வைத்த காலர் என்றால், பக்கத்து வீட்டு டாமி குரைத்தாலும் தண்டனை நம்ம மணிக்கு! தொண்டை அதிர்வையும் கவனிக்கிற ரகம் தேவலை. ஷாக் காலரில் இரண்டு உலோக முனைகள் தோலை அழுத்திக்கொண்டே இருக்கும். நாள் பூரா மாட்டியிருந்தால் புண்ணாகும். வேல்ஸில் 2010-லேயே ஷாக் காலருக்குத் தடை.

கடைக்காரர் ஷாக்கைத்தான் சிபாரிசு பண்ணினார். "முதல்ல உங்க கழுத்துல மாட்டிக் காட்டுங்க" என்றேன். மனுஷன் பில் புக்கை மூடிவிட்டார்.

10 மணி நேரம் தனியாகப் பூட்டிக் கிடக்கிற ஜீவன் குரைக்காமல் பஜனையா பாடும்? பயத்தில் குரைக்கிற நாய்க்கு ஷாக் கொடுத்தால் பயம்தான் கூடும். காலையில் நல்ல நடை, மத்தியானம் எட்டிப் பார்க்க ஒரு ஆள்... முதலில் இதைச் செய்யச் சொன்னேன். அப்புறமும் காலர்தான் என்றால் அதிர்வு ரகம், அதுவும் ராத்திரி கழற்றி வைத்துவிடணும்.