மாதவிடாய் நிற்கும் பருவத்தில் மனத்துணை

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதிருப்பதே மாதவிடாய் நிறுத்தமாகும். இந்தியப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 45 வயதை ஒட்டியும் அதற்குச் சில ஆண்டுகள் பின்னும் நேர்கிறது. அதற்கு முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்குவதால், உடல் திடீரெனக் கொதிக்கும், உறக்கம் கெடும், எரிச்சலும் அழுகையும் வரும். இவை குணக்கேடு அல்ல.

மனத்தில் உள்ளதை அடக்கி வைக்க வேண்டா. கீழ்வேளூர் வட்டாரத்தில் நடவு வயலில் உடன் நிற்பவரிடமும், மகளிர் சுய உதவிக் குழுவிலும் மனம் திறந்து பேசுங்கள். இதே பருவத்தைக் கடந்தவர்கள் அங்கே இருப்பார்கள். வீட்டார் கடிந்து பேசாமல் செவிகொடுத்து, வேலையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மனச்சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.